கேஷ் நம்ம காசா?

பழைய மாணவர்களுக்கும் நம் குடும்பத்தாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் அண்ணன் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவள் பள்ளியில் பேச்சுப் போட்டி. நம் குடும்பக் குழுவில் சுற்றிய ஒரு வாட்ஸ்அப் செய்தியை வைத்துத் தயார் செய்திருக்கிறாள். "உலகத்துக்கே பணத்தைக் கற்றுக்கொடுத்தவன் தமிழன். ஆங்கிலேயன் சொல்லும் கேஷ், நம் காசு. கேஷியர் என்றால் காசு + ஆயர்" என்று போகும் அந்தச் செய்தி. உங்களில் பாதிப் பேருக்கும் வந்திருக்கும். நடுவர்களில் ஒருவர் மேடையிலேயே கைபேசியை எடுத்து, ஆங்கில அகராதியைத் திறந்து, "கேஷ் என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கு முன் இத்தாலியம், அதற்கும் முன் லத்தீன். தமிழ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்போ எல்லாமே பொய்யா, அத்தைப் பாட்டி?"

அந்த "எல்லாமே" என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கட்டுமரமும் சுருட்டும் வெட்டிவேரும் ஆங்கிலத்துக்குப் போனது பொய்யா? மிளகுத் தண்ணீர் முல்லிகட்டானி ஆனது பொய்யா? இல்லையே. ஆனால் ஒரு பொய்யோடு சேர்த்து அடுக்கினால், அந்தப் பொய் பிடிபடும் நாளில் மெய்யும் சேர்ந்து அடிவாங்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செய்தி அனுப்பியவரும் பாதிதான் பார்த்தார், நடுவரும் பாதிதான் பார்த்தார். நல்ல ஆங்கில அகராதி எதை எடுத்தாலும், சி-ஏ-எஸ்-எச் என்ற எழுத்துக்கூட்டலில் இரண்டு தலைச்சொற்கள் இருக்கும். ஒன்றின் தலையில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் சின்னதாக எண் போட்டிருப்பார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் ஒரே தலைச்சொல்லின் கீழே வரிசையாகப் போடுவார்கள். தனித்தனி எண் போட்டால், அவை உருவத்தில் மட்டும் ஒன்றாக இருக்கும் இரண்டு வெவ்வேறு சொற்கள். நம் 'கால்' மாதிரி. உடம்பில் இருக்கும் கால் வேறு, அரைக்கும் அரைக்காலுக்கும் இடையில் வரும் கால் வேறு. நடுவர் முதல் தலைச்சொல்லைப் படித்துவிட்டு மூடிவிட்டார். இன்னும் நாலு விரற்கடை கீழே தள்ளியிருந்தால் அங்கே தமிழ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பார்.

முதல் கேஷ், அதாவது வங்கியில் 'கேஷ் கவுன்டர்' என்று பலகை மாட்டியிருக்கிறதே, அது. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. சுருட்டிய நூல்களை வைக்கும் பெட்டி. அது இத்தாலியத்தில் 'காஸா' ஆகி, பிரெஞ்சில் 'கேஸ்' என்பதுபோல ஒலித்து, ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்குப் பணம் என்ற பொருள் இல்லை. வியாபாரியின் பணப்பெட்டி என்பதுதான் பொருள். போகப் போகப் பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஏறிவிட்டது.

இது விசித்திரம் என்று நினைக்காதீர்கள். தாம்பரம் சண்முகம் சாலையில் எந்தக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். கல்லா என்றால் மரப்பெட்டி. ஆனால் "இன்னைக்குக் கல்லா எவ்ளோ?" என்று முதலாளி கேட்டால் பெட்டியின் நீளம் அகலத்தையா கேட்கிறார்? கோயிலில் "உண்டியல் எண்ணுகிறார்கள்" என்கிறோம். எத்தனை உண்டியல் என்றா எண்ணுகிறார்கள்? நாம் செய்வதையே அவர்களும் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கேஷ் நம்மிடமிருந்து போகவில்லை என்பதற்குத் தேதியே சாட்சி. ஜான் ஃப்ளோரியோ என்பவர் 1598இல் லண்டனில் ஓர் இத்தாலிய-ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் 'காஸா' என்ற சொல்லுக்குப் பொருள் தரும்போது வியாபாரியின் 'கேஷ்' என்று எழுதியிருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணி எலிசபெத் பட்டயம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. சென்னையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639. கம்பெனியே பிறப்பதற்கு முன்பு லண்டனில் புழங்கிய சொல்லை, கம்பெனிக்காரன் கோட்டையில் உட்கார்ந்து நம்மிடம் கற்றுக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் 'காப்ஸா'வின் பிள்ளைகள் இன்னும் சிலர் நம் வீட்டில் இருக்கிறார்கள். பென்சில் கேஸ், சூட்கேஸில் வரும் கேஸ் எல்லாம் அந்தப் பெட்டிதான். மாத்திரைக் 'கேப்ஸ்யூல்' என்றால் குட்டிப் பெட்டி. ஆனால் போலீஸ் கேஸ், கோர்ட் கேஸ் அந்தக் குடும்பம் இல்லை. அது 'விழுதல்' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமக்கு வந்து விழுந்தது, நேர்ந்தது என்று அர்த்தம். ஆங்கில இலக்கணத்தில் வேற்றுமைக்குச் சொல்கிறார்களே 'கேஸ்', அதுவும் இந்த விழுகிற கேஸ்தான். வேற்றுமை உருபுகளை ஒப்பிக்கச் சொன்னபோது என் மீது கேஸ் போடலாமா என்று யோசித்த பையன்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இனி இரண்டாவது கேஷ். நான் உட்கார்ந்து எழுதியதே இதற்காகத்தான்.

காசு என்ற சொல்லின் வயது எவ்வளவு என்று நாம் யோசிப்பதே இல்லை. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாட்டு ஒன்று, 67ஆவது. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அதைப் பார்த்தால், பொற்கொல்லன் புது நூலில் கோப்பதற்காக நகங்களுக்கிடையே பிடித்திருக்கும் தங்கக் காசு மாதிரி இருக்கிறதாம். வேப்பம்பழத்தின் மஞ்சளையும் காசின் மஞ்சளையும் ஒன்றாகப் பார்த்த அந்த அம்மாவின் கண்ணுக்கு ஒரு கும்பிடு. அங்கே காசு என்பது அணிகலனில் கோக்கும் பொன் வில்லை. நம் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் பெண்கள் போடும் காசுமாலை அதே காசைத்தான் சுமக்கிறது.

சோழர் காலத்தில் காசு நாணயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்த கணக்கு வருகிறது. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கீழ்வாய் இலக்கம் எதற்கு என்று முணுமுணுத்தவர்களே, ஆயிரம் வருடக் கணக்கைப் படிக்கத்தான். (வடமொழியில் 'கர்ஷம்' என்ற எடையோடு காசுக்கு உறவு சொல்கிறவர்கள் உண்டு. அது ஒரு தனி வழக்கு, இன்று வாய்தா.)

பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். நம் ரயிலில் தினமும் கடக்கும் பரங்கிமலைக்குப் பெயர் கொடுத்த பரங்கியர் அவர்கள்தான். மலை உச்சியில் அவர்கள் தேவாலயம் கட்டியது 1523இல். கடைத்தெருவில் காசு, காசு என்று காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் மொழியில் ஏற்கனவே 'காய்ஷா' என்று ஒரு சொல் இருந்தது. பெட்டி என்று பொருள். ஆமாம், அதே லத்தீன் 'காப்ஸா'வின் போர்ச்சுகீசியப் பிள்ளை! புதிதாகக் கேட்ட காசு என்ற சொல்லைத் தெரிந்த சொல்லின் உருவத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் ஹாமில்டன் பாலத்தை 'அம்பட்டன் வாராவதி' ஆக்கினார்களே, அதேபோலத்தான். தெரியாத ஒலியைத் தெரிந்த சொல்லில் உட்கார வைப்பது மனித வாயின் பழக்கம். குழப்பம் தொடங்கிய இடம் இதுதான். தமிழ்க் காசும் லத்தீன் பெட்டியும் முதன்முதலில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டது போர்ச்சுகீசியரின் வாயில்.

போகிற போக்கில் ஒன்று. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய் எல்லாம் அவர்கள் நமக்குக் கொடுத்த சொற்கள். அலமாரியையும் சாவியையும் நம்மிடம் கொடுத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் கெட்டிக்காரர் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எடுத்துக்கொண்டு போன காசை எங்கே செலவழித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிழக்கே, மலாக்கா, ஜாவா, சீனா என்று போனார்கள். அங்கே செம்பிலும் ஈயத்திலும் நடுவில் ஓட்டை போட்ட மலிவான சில்லறை நாணயங்கள் கயிற்றில் கோத்துத் தொங்கின. தமிழ்க் கரையில் கற்ற சொல்லையே அவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் ஆங்கிலத்தில் வந்தது 1598இல், ஃப்ளோரியோ அகராதி வந்த அதே வருடம். ஜாவாத் தீவின் சுந்தா பகுதியில் 'காய்ஷா' என்ற ஓட்டைக் காசைத் தவிர வேறு பணமே இல்லை என்று அதில் வருகிறது. ஆக ஒரே வருடத்தில், ஒரே லண்டனில், ஒரு புத்தகத்தின் வழியாகப் பெட்டிக் கேஷும் இன்னொரு புத்தகத்தின் வழியாகக் காசுக் கேஷும் அச்சில் ஏறியிருக்கின்றன.

சீனாவில் அந்த நாணயத்துக்குச் சீனப் பெயர் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதுகிற உலகம் முழுக்க இன்றுவரை அதை 'சைனீஸ் கேஷ்' என்றுதான் சொல்கிறது. நடுவில் சதுர ஓட்டை, சரத்துக்கு ஆயிரம் என்று கணக்கு. சீனப் பேரரசு முடிந்த 1912 வரை பல நூற்றாண்டுகள் புழங்கிய நாணயம். அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது நம் காசு. இந்தச் சதுர ஓட்டைக் காசுகள் நம் தஞ்சை மாவட்டத்து மண்ணிலும் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. பழைய கடல் வணிகத்தில் நாணயம் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. பிற்காலத்தில் பெயர் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. பேச்சுப் போட்டியில் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? "பணத்தைக் கண்டுபிடித்தவன் தமிழன்" என்பதைவிட ஆயிரம் மடங்கு அழகான செய்தி இது, உண்மையும்கூட. அதைத்தான் குழந்தையிடம் சொன்னேன். "இதை ஏன் யாரும் ஃபார்வர்ட் பண்ணல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கம்பெனிக் காலத்துச் சென்னையில் வராகன், பணம், காசு என்று மூன்று படி. 19ஆம் நூற்றாண்டு தொடங்கும் சமயத்தில் கம்பெனிக் கணக்குப்படி, ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. பெருக்குங்கள். 3,360 காசு. 1818இல் கணக்கு வழக்கு எல்லாம் வெள்ளி ரூபாய்க்கு மாறியபோது, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். வகுத்தால் ஒரு ரூபாய்க்கு 960 காசு. இன்று நூறு பைசா ஒரு ரூபாய் என்றாலே பைசாவைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அன்று ஒரு ரூபாயை 960ஆகப் பிரித்துச் செலவு செய்திருக்கிறார்கள். காய்கறிக்காரம்மாவிடம் ஒரு காசுக்குக் கறிவேப்பிலை கிடைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் மாத்யூ போல்டன் என்பவரின் சோஹோ நாணயச்சாலை நீராவி இயந்திரத்தில் ஓடியது. சென்னைக்கான காசுகளைக் கம்பெனி அங்கே அடிக்கச் சொன்னது. 1803 என்று ஆண்டு பொறித்து 20 காசு, 10 காசு, 5 காசு, 1 காசு வந்தன. அந்த ஒற்றைக் காசு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு சிங்கம் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருபது காசில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் எண்ணில் இருபது, அதாவது இரண்டு பெருக்கல் குறி, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. அதற்கு மேலே பாரசீக எழுத்தில் "இருபது காசு நான்கு ஃபலூஸ்" என்று பொருள்படும் வாசகம். தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்திலும் பாரசீக எழுத்திலும் இருக்கிறது, தமிழ் எழுத்தில் மட்டும் இல்லை! (1807ஐ ஒட்டி வந்த வெள்ளிப் பணங்களில் தமிழும் தெலுங்கும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.)

அப்படி அடித்து அனுப்பிய ஒரு சரக்கு நமக்கு வந்து சேரவே இல்லை. 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல். 1808 என்று பொறித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் டன் கணக்கில். 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கிப் போனது. 1980களில் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்து, பத்து லட்சம் காசுக்கு மேல் வெளியே எடுத்தார்கள். சென்னை மாகாணத்துக் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்க வேண்டிய காசு, 170 வருடத்துக்கு மேல் இங்கிலீஷ்காரன் மணலில் புதைந்து கிடந்துவிட்டு, இன்று உலகம் முழுக்க நாணயம் சேர்ப்பவர்களின் அலமாரியில் இருக்கிறது.

ஆங்கிலேயர் மட்டும் இல்லை. 1620லிருந்து 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் செப்பு நாணயத்தில் 'காஸ்' என்றே பொறித்தார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'காஷ்' என்றார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கே அது 1949 வரை அரசாங்க நாணயம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. நாகர்கோவில் பக்கத்துச் சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்குக் காசு என்பது வெறும் பொதுச்சொல் கிடையாது. கையில் வைத்து எண்ணிய ஒரு நாணயம்.

இலங்கைத் தமிழர்கள் இன்றும் பணம் என்பதைவிடக் காசு என்றுதான் சொல்கிறார்கள். சிங்களத்தில் பணத்துக்கு 'சல்லி'. நம் சல்லிக்காசுதான். 'துட்டு' மட்டும் வெளியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். டச்சுக்காரர்களின் 'டயிட்' என்ற செப்பு நாணயத்தோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு.

இதையெல்லாம் யாராவது முன்பே எழுதியிருக்கிறார்களா என்று கேட்பீர்கள். 1886இலேயே எழுதிவிட்டார்கள். 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற விநோதமான பெயரில் ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கு ஓர் அகராதி. ஆக்கியவர்கள் யூல், பர்னெல் இருவர். இதில் பர்னெல் நம் சென்னை மாகாணத்துச் சிவில் அதிகாரி, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1882இல் காலமாகிவிட்டார். அதில் 'கேஷ்' என்ற தலைப்பில் தமிழ்க் காசையும், போர்ச்சுகீசிய வழியையும், பெட்டிக் கேஷ் வேறு என்பதையும் அவர்கள் பிரித்தே சொல்லிவிட்டார்கள். 130 வருடத்துக்கு மேலாகத் தெளிவாக இருக்கும் ஒரு விஷயத்தை நாம் வாட்ஸ்அப்பில் புதிதாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

கேஷியருக்கும் ஒரு வார்த்தை. "காசு + ஆயர்" என்று பிரித்தவரை நேரில் பார்த்தால் புணர்ச்சி விதி கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் கேஷியரும் இரண்டு. பணம் வாங்கும் கேஷியர் பெட்டிக் குடும்பம். இன்னொன்று வினைச்சொல். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து விரட்டுவது. அது உடைத்தல், ரத்து செய்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. பணத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1809இல் சென்னைப் படையின் வெள்ளைக்கார அதிகாரிகளே ஆளுநர் ஜார்ஜ் பார்லோவுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அடங்கிய பிறகு சிலரைக் கேஷியர் செய்தார்கள். அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 71ஆம் பிரிவில் தண்டனைகளின் வரிசையில் இருக்கிறது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் படித்த என் மாணவன் ஒருவனிடம், "உன்னைக் கேஷியர் ஆக்குவார்களா?" என்று கேட்டேன். பதறிப் போய்விட்டான்.

முந்திரிக்கு ஆங்கிலத்தில் சொல்வது பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. மெப்ஸிலும் ஓ.எம்.ஆரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களே, நீங்கள் 'கேஷ் கிளியர் பண்ணுங்க' என்கிறீர்களே, அது பிரெஞ்சில் 'ஒளித்துவை' என்பதிலிருந்து வந்தது. எழுத்துக்கூட்டலே வேறு. இது தெரிந்தும் யாராவது அதையும் காசு என்று எழுதினால் நான் குழுவிலிருந்து விலகிவிடுவேன்.

நாணயத்திலேயே இந்தக் கதை நடக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தேன். புறாவும் செடியும் பழைய மின்விசிறியும் விற்கிற நெரிசலுக்கு நடுவே, தரையில் துணி விரித்து ஒரு தம்பி பழைய காசு வைத்திருந்தார். பளபளவென்று ஒரு பெரிய நாணயம். ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. "அபூர்வம்மா, வீட்ல வச்சா லட்சுமி கடாட்சம், ரெண்டாயிரம்" என்றார். கம்பெனி அப்படி ஒரு நாணயம் அடித்ததே கிடையாது. அனுமாரும் ராமர் பட்டாபிஷேகமும் போட்டு 1818 என்று பொறித்து வருவதெல்லாம் பிற்காலத்து வேடிக்கைச் சரக்கு. அதே துணியின் ஓரத்தில் கறுத்துப் போய், தேய்ந்து, ஒரு செப்புக் காசு. தேய்த்துப் பார்த்தால் இரண்டு பெருக்கல் குறி. "அது சும்மாம்மா, எழுத்துகூடத் தெரியல, நூத்தம்பது குடுங்க." கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். படம் கீழே போட்டிருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆங்கிலக் 'கேஷ்' நன்றாகத் தெரிகிறது.

தமிழாசிரியர்களுக்காக ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தமிழிலேயே காசு பல வேலை பார்க்கிறது. குற்றம் என்ற பொருளும் அதற்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும்போது வரும் 'காசறு' என்ற சொல்லுக்குக் குற்றமற்ற என்று பொருள். பணமில்லாத என்று அர்த்தம் எழுதிய மாணவன் இன்று வங்கி மேலாளர், பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றில்தான் முடிய வேண்டும். திருக்குறளைத் திறந்து பாருங்கள். முதல் குறள் 'உலகு' என்று முடிகிறது, பிறப்பு. ஐந்தாவது குறள் 'மாட்டு' என்று முடிகிறது, காசு. ஆயிரத்து முந்நூற்று முப்பதில் எத்தனை குறள் காசில் முடிகிறது என்று எண்ணிச் சொல்கிறவர்களுக்கு நான் மெதுவடை சுட்டுத் தருகிறேன். வீட்டுக்கு வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும், பார்சல் கிடையாது.

பேத்திக்கு இந்த மாதக் கடைசியில் இன்னொரு மேடை இருக்கிறது. தலைப்பை அவளே வைத்திருக்கிறாள்: 'கேஷ் ஒன்று, கேஷ் இரண்டு'. அதற்குக் காட்ட அவளுக்கு நாணயங்கள் வேண்டும். திருவிதாங்கூர் காசு, தரங்கம்பாடிக் காசு, ஓட்டை போட்ட சீனக் காசு யார் வீட்டிலாவது தாத்தா பெட்டியில் கிடந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரவல் கொடுத்தாலும் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன். அனுமார் போட்டது வேண்டாம்.